தோல் துண்டிலிருந்து தனிச் செல் வரை

வயிற்றின் தொய்ந்த தோலைக் குறைக்கும்போதும், மார்பகத்தின் அளவைக் குறைக்கும்போதும், சிறுவர்களுக்கு முன்தோல் நீக்கும்போதும் வெட்டியெடுக்கப்படும் தோல் பெரும்பாலும் மருத்துவக் கழிவோடு சேர்ந்து எரிக்கப்பட்டுவிடுகிறது. உடலைவிட்டுப் பிரிந்த உடனேயே அது இறந்துவிட்டது என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால், குளிர்ந்த ஊட்டக் கரைசலில் போட்டு வைத்தால், அந்தத் தோலில் உள்ள செல்களில் பெரும்பாலானவை ஒரு நாள் கழிந்த பின்னும் உயிரோடுதான் இருக்கும். அந்த ஒரு நாளுக்குள், உரியவரின் ஒப்புதலோடு, தோலிலிருந்து செல்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஆய்வகத்தில் வாழவும் பெருகவும் வைக்கும் முறையையே இக்கட்டுரை விளக்குகிறது. உயிரியலில் பள்ளிப் பாடத்தைத் தாண்டாதவருக்கும் புரிய வேண்டும் என்பதே நோக்கம்.

எதற்காகப் பிரிக்க வேண்டும் என்ற கேள்வி முதலில் எழும். தோல் ஒரே வகைச் செல்லால் ஆனதன்று. முழுத் தோல் துண்டில் ஒரு மருந்தை ஊற்றி, ஏதோ ஒரு மாற்றம் நிகழ்ந்ததாகக் கண்டால், அது எந்தச் செல்லில் நிகழ்ந்தது என்று சொல்ல முடியாது. புண் ஆறும்போது மேலே மூடும் செல் ஒன்று, அடியில் நாரை நிரப்பும் செல் வேறு. நிறம் தரும் செல் இன்னொன்று. ஒவ்வொன்றையும் தனியே வைத்துக் கேட்டால்தான் ஒவ்வொன்றும் தனக்குரிய விடையைத் தரும்.

பிரிக்கும் முறையைப் புரிந்துகொள்ள, தோல் எவற்றால் சேர்ந்து நிற்கிறது என்பதை அறிந்தாக வேண்டும். என் எண்ணத்தில் இந்தப் பகுதிதான் எல்லாவற்றுக்கும் திறவுகோல். இதைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வரும் நொதிகளின் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இராது.

தோலைக் குறுக்காக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு அடுக்குகள் தெரியும். மேலே இருப்பது மேற்றோல். அது கண்ணிமையில் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவே தடிமன் கொண்டது, உள்ளங்காலில் ஒன்றரை மில்லிமீட்டர் வரை தடித்திருக்கும். அதில் உள்ள செல்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை கெரட்டினோசைட்டுகள். இவை மேற்றோலின் அடிவரிசையில் பிறந்து, மெல்ல மேலே தள்ளப்பட்டு, தட்டையாகி, இறந்து, கடைசியில் குளிக்கும்போது நம் கையோடு உரிந்து வரும் அழுக்கில் ஒரு பகுதியாகின்றன. அடிவரிசையிலேயே இடையிடையே நிறமி தரும் மெலனோசைட்டுகள் அமர்ந்திருக்கும். ஒரு மெலனோசைட் தன் கிளைகளை நீட்டி ஏறத்தாழ 36 கெரட்டினோசைட்டுகளுக்கு நிறமியை வழங்குகிறது.

கெரட்டினோசைட்டுகள் ஒன்றோடொன்று டெஸ்மோசோம் என்னும் இணைப்புகளால் கோக்கப்பட்டுள்ளன. சட்டையின் அழுத்து பொத்தானில் இரு பாதிகள் ஒன்றையொன்று கவ்வுவதுபோல, இரண்டு செல்களிலிருந்தும் புரதங்கள் நீண்டு ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. அந்தப் பிடி இறுகி நிற்பதற்குக் கால்சியம் வேண்டும். கால்சியத்தை எடுத்துவிட்டால் புரதம் தன் விறைப்பை இழந்து தளர்ந்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இருமுறை திரும்ப வரும்.

மேற்றோலுக்கும் அதன் கீழ் உள்ள அடித்தோலுக்கும் இடையே அடித்தளச் சவ்வு என்ற மிக மெல்லிய படலம் இருக்கிறது. நான்காம் வகைக் கொலாஜன், லாமினின் முதலிய புரதங்களால் நெய்யப்பட்ட அந்தப் படலத்தில்தான் மேற்றோலின் அடிவரிசைச் செல்கள் கால் ஊன்றி நிற்கின்றன. அதற்கும் கீழே அடித்தோல். அது செல்கள் நெருங்கி அடுக்கப்பட்ட இடமன்று. தேங்காய் மட்டையில் நாரும் நாரும் பின்னிக் கிடப்பதுபோலக் கொலாஜன் இழைகள் பின்னிக் கிடக்க, அவற்றின் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் செல்கள் இருக்கின்றன. அந்த நாரை உண்டாக்குபவையும் அவையே. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிடப்படும் தோல் என்பது விலங்கின் இந்த அடித்தோல் நார் மட்டும்தான். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து மயிரையும் மேற்றோலையும் கழித்துவிட்டு நாரை வைத்துக்கொள்வார்கள். ஆய்வகத்திலோ நார்தான் கழிக்கப்படும். அதனுள் இருந்த உயிருள்ள செல்தான் வேண்டும்.

ஆக, செல்லுக்கும் செல்லுக்கும் இடையே ஒரு பிடிப்பு, மேற்றோலுக்கும் அடித்தோலுக்கும் இடையே வேறொரு பிடிப்பு, அடித்தோலுக்குள் நாரின் சிறை. ஒவ்வொன்றையும் அவிழ்க்க ஒவ்வொரு நொதி. இங்கே பயன்படும் நொதி என்பது புரதத்தைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் இன்னொரு புரதம். நாம் உண்ட பருப்பையும் மீனையும் குடலில் செரிக்கவைப்பதும் இதே வேலைதான். 1941-இல், போர்க்காலத் தீக்காயங்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் அறிவியலாளர் பீட்டர் மெடவார், டிரிப்சின் என்ற செரிமான நொதியைக் கொண்டு மனிதத் தோலிலிருந்து மேற்றோலை மட்டும் தனித் தகடாகக் கழற்றிக் காட்டினார். இன்று கையாளப்படும் முறைகளின் வேர் அங்கே இருக்கிறது.

இனி, ஒரு துண்டுத் தோல் ஆய்வகத்துக்குள் வந்தபின் நடப்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் வேலை தூய்மை. தோல் நம் உடலிலேயே நுண்ணுயிர்கள் மிகுந்த இடங்களுள் ஒன்று. போவிடோன் அயோடினிலும் 70 விழுக்காட்டு ஆல்கஹாலிலும் சற்று நேரம் முக்கியெடுத்தால் மேற்பரப்பு தூய்மையாகும். ஆனால் மயிர்க்குழிகளுக்குள் பதுங்கியிருக்கும் பாக்டீரியாவை அது எட்டாது. அதனால்தான் கழுவும் கரைசலிலும் முதல் சில நாட்களின் வளர்ப்பு ஊடகத்திலும் (செல்கள் வளரும் ஊட்டக் கரைசல்) பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தடுக்கும் மருந்துகளைச் சேர்க்கிறார்கள். அடுத்து, தோலைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் ஒட்டியிருக்கும் மஞ்சள் நிறக் கொழுப்பைக் கத்தரியால் முழுமையாகச் சுரண்டி எடுக்க வேண்டும். இது அலுப்பூட்டும் வேலை. இதில் அவசரப்படுகிறவர்கள் பின்னர் வருந்துவார்கள், ஏனென்றால் கொழுப்பு நின்றுவிட்டால் நொதி உள்ளே இறங்காது. பிறகு தோலைச் சில மில்லிமீட்டர் அகலப் பட்டைகளாக நறுக்குகிறார்கள்.

நறுக்கிய பட்டைகளை டிஸ்பேஸ் என்ற நொதிக் கரைசலில், மேற்றோல் மேலே இருக்குமாறு மிதக்கவிட்டு, 4 டிகிரி செல்சியஸ் குளிரில் இரவு முழுவதும் வைப்பது வழக்கம். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து பெறப்படும் இந்த நொதி, அடித்தளச் சவ்வில் உள்ள நான்காம் வகைக் கொலாஜனையும் ஃபைப்ரோனெக்டின் என்ற புரதத்தையும் வெட்டும். ஆனால் செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலான பிடியைப் பெரும்பாலும் தொடாது. 37 டிகிரியில் வைத்தால் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே வேலை முடிந்துவிடும் என்றாலும், குளிரில் நொதி மெதுவாக ஊறி உட்புறம் வரை சமமாகப் பரவும், செல்லும் குறைவாகவே துன்பப்படும்.

மறுநாள் காலையில் நடப்பதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒரு பட்டையைப் பெட்ரி தட்டில் வைத்து, ஓர் இடுக்கியால் அடித்தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றோர் இடுக்கியால் மேற்றோலின் ஓரத்தைப் பற்றி மெல்ல இழுத்தால், ஊறிய வேர்க்கடலையின் செந்தோல் உரிவதுபோல அது முழுதாக உரிந்து வரும். கையில் வருவது கிட்டத்தட்ட ஒளி ஊடுருவும் ஒரு படலம், அதில் மயிர்க்குழிகள் இருந்த இடங்கள் சிறு புள்ளிகளாகத் தெரியும். தட்டில் மிஞ்சுவது வெண்ணிறமான, வழுவழுப்பான, இழுத்தால் நீளாத அடித்தோல். இழுக்கும்போது கிழிந்தால், நொதி போதவில்லை என்று பொருள். தொட்டதுமே கரைந்து நூலாகப் பிரிந்தால், நேரம் மிஞ்சிவிட்டது என்று பொருள். எந்தக் கருவியும் இல்லாமல் கைவிரலே தரும் இந்தத் தகவலை நான் மிகவும் மதிக்கிறேன்.

உரித்த மேற்றோலை இப்போது தனிச் செல்களாக்க வேண்டும். இங்கேதான் முன்பு சொன்ன கால்சியம் முதன்முறை திரும்ப வருகிறது. டிரிப்சினோடு இடிடிஏ என்ற வேதிப்பொருளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இடிடிஏ கால்சியத்தைப் பற்றிக்கொண்டு விலக்கிவிட, பொத்தான்கள் தளர்கின்றன, தளர்ந்த புரதத்தை டிரிப்சின் எளிதாக வெட்டிவிடுகிறது. 37 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, அவ்வப்போது குலுக்கிவிட்டால், தெளிந்திருந்த கரைசல் அரிசி கழுவிய நீர்போல மெல்ல மெல்லக் கலங்கும். அந்தக் கலங்கல்தான் செல்கள். உடனே டிரிப்சினை நிறுத்த வேண்டும். கன்றின் இரத்தம் உறைந்தபின் தெளியும் நீரான சீரத்தில் டிரிப்சினை முடக்கும் புரதம் இயல்பாகவே இருப்பதால் அதைச் சேர்ப்பார்கள், சீரம் வேண்டாத இடத்தில் சோயாவிலிருந்து எடுத்த தடுப்பானைச் சேர்ப்பார்கள்.

புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த நிறுத்தத்தில்தான். இன்னும் சில செல்கள் கிடைக்குமே என்று நேரத்தை நீட்டிக்கொண்டே போவார்கள். டிரிப்சின் பிடிப்பை வெட்டி முடித்ததும் ஓய்ந்துவிடுவதில்லை. செல்லின் மேற்பரப்பையே வெட்டத் தொடங்கும். செல் உடைந்தால் அதற்குள் சுருண்டிருந்த டிஎன்ஏ வெளியே கொட்டி, வெண்டைக்காயை நறுக்கும்போது கத்தியில் இழுபடும் நூலைப்போலக் கரைசல் முழுவதும் பிசுபிசுப்பாகிவிடும். நல்ல செல்களும் அதில் சிக்கிக் கட்டியாகிவிடும். டிஎன்ஏவை வெட்டும் மற்றொரு நொதியைச் சேர்த்து ஓரளவு மீட்கலாம். ஆனால் உடைந்தவை உடைந்தவைதான்.

பிறகு கரைசலை 70 அல்லது 100 மைக்ரான் துளைகள் கொண்ட சல்லடையில் வடிகட்டி, மையவிலக்கியில் ஐந்து நிமிடம் மெதுவான வேகத்தில் சுழற்றினால், குழாயின் அடியில் சிறு வெண்பொட்டாகச் செல்கள் படியும்.

அடித்தோலுக்கு வேறு வழி. அங்கே செல்லைச் சிறைப்படுத்தியிருப்பது நார் என்பதால் கொலாஜனை வெட்டும் கொலாஜனேஸ் என்ற நொதி தேவைப்படுகிறது. பொடியாக நறுக்கிய அடித்தோலை அதில் போட்டு 37 டிகிரியில் சில மணி நேரம் அசைத்துக்கொண்டிருந்தால், நார் கரைந்து ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் வெளிவரும். தசைக்குள் வாயு உண்டாகி அழுகும் நோயை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் வகைப் பாக்டீரியாவின் நொதி இது. உயிருள்ள மனிதத் தசையை அழிக்க அந்தப் பாக்டீரியா கையாளும் கத்தியையே, செல்லை விடுவிக்க நாம் கையாளுகிறோம். நொதியே இல்லாமலும் செய்யலாம். சிறு துண்டுகளை வெறும் வளர்ப்புத் தட்டில் ஒட்டவைத்து, சிறிதளவு ஊடகம் ஊற்றிப் பொறுமையாகக் காத்திருந்தால், ஒன்று இரண்டு வாரங்களில் துண்டின் ஓரத்திலிருந்து செல்கள் தாமாகவே ஊர்ந்து வெளியே வரும். மூன்று நான்கு மில்லிமீட்டர் அளவே உள்ள மிகச் சிறிய துண்டு கிடைத்தால் இந்த முறைதான் ஏற்றது.

கிடைத்தவை எத்தனை, அவற்றுள் உயிரோடிருப்பவை எத்தனை என்று எண்ணாமல் மேலே செல்ல முடியாது. செல் கரைசலில் டிரிப்பான் நீலம் என்ற சாயத்தைச் சமஅளவு கலந்து, கட்டங்கள் கீறப்பட்ட கண்ணாடித் தகட்டில் ஒரு துளி விட்டுப் பார்ப்பார்கள். உயிருள்ள செல் தன் சவ்வால் சாயத்தைத் தடுத்து, முத்துப்போல ஒளிர்ந்து நிற்கும். இறந்த செல்லுக்குள் சாயம் புகுந்து அது நீலமாகிவிடும். ஒரு பெரிய கட்டத்தின் மேல் தங்கும் நீரின் அளவு ஒரு மில்லிலிட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. எனவே ஒரு கட்டத்தில் சராசரியாக 60 உயிருள்ள செல்கள் தெரிந்தால், சாயம் கலந்ததற்காக இரண்டால் பெருக்கி, பிறகு பத்தாயிரத்தால் பெருக்க, ஒரு மில்லிலிட்டரில் 12 லட்சம் செல்கள் என்று வரும். பத்தில் ஒன்பது உயிரோடிருந்தால் அது நல்ல பிரிப்பு.

பிரித்தது பாதி வேலைதான், வாழவைப்பது மறுபாதி. ஃபைப்ரோபிளாஸ்ட் எதையும் தாங்கும் செல். பத்து விழுக்காடு சீரம் சேர்த்த சாதாரண ஊடகத்திலேயே ஒட்டிக்கொண்டு, கதிர் வடிவில் நீண்டு, மீன்கூட்டம் ஒரே திசையில் திரும்புவதுபோல அணியணியாகப் பரவிவிடும். கெரட்டினோசைட் அப்படியன்று. நெடுங்காலம் யாராலும் அதைத் தொடர்ந்து வளர்க்க முடியவில்லை. சில நாட்கள் ஒட்டியிருந்து, பின் முதிர்ந்து உதிர்ந்துவிடும், அந்த இடத்தை ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் பிடித்துக்கொள்ளும். 1975-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஹோவர்ட் கிரீனும் அவருடைய மாணவர் ஜேம்ஸ் ரைன்வால்டும் இதற்கு வழி கண்டனர். எலியின் கட்டி ஒன்றிலிருந்து வந்த செல்களை வளர்த்துக்கொண்டிருந்தபோது, மேற்றோல் வகைச் செல்கள் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளின் அண்மையில்தான் தழைக்கின்றன என்பது அவர்கள் கண்ணில் பட்டது. ஆகவே, 3டி3 என்னும் எலி ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளைக் கதிர்வீச்சால் பெருக முடியாதபடி செய்து, அவற்றைத் தட்டில் பரப்பி, அவற்றின் மேல் மனிதக் கெரட்டினோசைட்டுகளை விதைத்தனர். செவிலிபோல உதவும் அந்த எலிச் செல்கள் பெருகாமலே ஊட்டம் மட்டும் அளித்தன. கெரட்டினோசைட்டுகள் கூழாங்கல் பாவிய தரைபோலத் தட்டை நிறைத்தன.

பின்னர் சீரமும் செவிலிச் செல்களும் இல்லாத ஊடகங்கள் வந்தன. அங்கேதான் கால்சியம் மறுமுறை வருகிறது. ஊடகத்தில் கால்சியத்தை மிகக் குறைத்து வைத்தால் கெரட்டினோசைட்டுகள் இளமையாகவே இருந்து பெருகும். கூட்டினால் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு, அடுக்கடுக்காக ஏறி, முதிரத் தொடங்கும். பெருகுவதை ஆராய விரும்புபவர் குறைத்து வைக்கிறார், முதிர்வதை ஆராய விரும்புபவர் கூட்டுகிறார். ஒரே உப்பு இரண்டு ஆராய்ச்சிகளுக்கும் வாசல் திறக்கிறது.

எவ்வளவு கவனமாக வளர்த்தாலும் இவை முடிவில்லாமல் பெருகுவன அல்ல. இயல்பான மனிதச் செல்கள் வளர்ப்பில் ஏறத்தாழ 50 முறை இரட்டித்தபின் நின்றுவிடுகின்றன என்று 1961-இல் பிலடெல்பியாவில் லியோனார்ட் ஹேஃபிளிக்கும் பால் மூர்ஹெட்டும் கருவின் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளைக் கொண்டு காட்டினர். அதனால் முதல் சில தலைமுறைகளிலேயே செல்களைச் சிறு குப்பிகளில் அடைத்து, பனிக்கட்டிப் படிகம் செல்லைக் கிழிக்காமல் காக்கும் டிஎம்எஸ்ஓ சேர்த்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்ற அளவில் மெதுவாகக் குளிர்வித்து, கழித்தல் 196 டிகிரியில் உள்ள திரவ நைட்ரஜன் தொட்டியில் வைத்துவிடுவார்கள்.

இந்த முறையைப் போற்றிப் பேசும்போது அதன் விலையையும் சொல்வது கடமை. பிரித்தெடுத்த செல், தோலில் இருந்த அதே செல் அன்று. டிரிப்சினும் டிஸ்பேஸும் செல்லின் மேற்பரப்பில் உள்ள சில புரதங்களை வெட்டியிருக்கும். அந்தப் புரதத்தையே அடையாளமாகக் கொண்டு செல்லைத் தேடுபவர், இருக்கும் செல்லை இல்லை என்று எழுதிவிடக்கூடும். அண்டைச் செல்லிலிருந்து கழற்றப்பட்டு, உடல் வெப்பத்தில் நொதியில் ஊறும் நேரத்திலேயே செல் அதிர்ச்சிக்கு உள்ளாகிச் சில மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. 2017-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் எலியின் தசை ஸ்டெம் செல்களில் (புதிய தசையை உண்டாக்கும் மூலச் செல்கள்) இதைக் காட்டினர்: செல்களின் இயல்பான நிலை என்று கருதப்பட்ட ஒன்று, பிரிக்கும் செயலே உண்டாக்கிய விளைவாக இருந்தது. தோலுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். ஆகவே ஓர் ஆய்வு முடிவைப் படிக்கும்போது, எந்த நொதி, எவ்வளவு நேரம், எந்த வெப்பநிலை, உடலின் எந்த இடத்துத் தோல், எத்தனை வயதினர், செல்கள் எத்தனையாவது தலைமுறை என்று பார்த்துப் பழகுவது நல்லது. இவற்றைச் சொல்லாத முடிவை நான் தயக்கத்தோடுதான் ஏற்பேன்.

ஒப்புதலைப் பற்றியும் ஒரு சொல். அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்திடுவது வேறு, வெட்டிய தோலை ஆய்வுக்குத் தருவதற்குக் கையெழுத்திடுவது வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, மனிதரிடமிருந்து பெறும் திசுவைக் கொண்டு நடத்தும் ஆய்வுகளை நெறிமுறைக் குழு முன்கூட்டியே பரிசீலிக்க வேண்டும். குப்பியின் மேல் பெயர் இராது, எண்தான் இருக்கும். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதர், தம் மொழியில் விளக்கப்பட்டு, மறுக்கும் உரிமையும் தமக்கு உண்டு என்று அறிந்து, இசைந்திருக்க வேண்டும். கழிவாகப் போகப்போவதுதானே என்று இதில் அசட்டையாக இருப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இப்படிப் பிரித்த செல்களிலிருந்து பிறந்தவை பல. 2007-இல் ஜப்பானின் ஷின்யா யமனக்கா குழுவினர் மனித அடித்தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, உடலின் எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய நிலைக்கு அவற்றைத் திருப்பினர். இந்தியாவில் வெண்புள்ளி உள்ளவர்களுக்குத் தோல் மருத்துவர்கள் செய்யும் ஒரு சிகிச்சை, மேலே சொன்ன டிரிப்சின் கட்டத்தை அப்படியே பயன்படுத்துகிறது: தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவியெடுத்து, வளர்ப்பு எதுவுமின்றி அன்றே மெலனோசைட்டுகளும் கெரட்டினோசைட்டுகளும் கலந்த கரைசலாக்கி, மேற்பரப்பு தேய்க்கப்பட்ட வெண்புள்ளியின்மேல் பரப்பிக் கட்டிவிடுகிறார்கள். சீவிய தோலைப்போலப் பல மடங்கு பரப்பை அதைக்கொண்டு மூட முடிகிறது.

தீக்காயத்தில் இதன் ஆற்றல் இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. 1983-இல் அமெரிக்காவில் ஐந்தும் ஆறும் வயதான இரு சகோதரர்கள் உடலில் 95 விழுக்காட்டுக்கும் மேல் வெந்த நிலையில் பாஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்டனர். ஒட்டுப்போட எடுப்பதற்கு உடலில் தோலே மிஞ்சாத நிலையில், அக்குளில் தப்பியிருந்த சிறு துண்டிலிருந்து கெரட்டினோசைட்டுகளைப் பிரித்து, கிரீனின் முறையில் தகடுகளாக வளர்த்து, உடலின் ஏறத்தாழப் பாதியை அவற்றால் மூடினர். இருவரும் பிழைத்தனர். 2015-இல் ஜெர்மனியின் போகும் நகரில், சிரியாவிலிருந்து வந்த அகதிக் குடும்பத்தின் ஏழு வயதுச் சிறுவன், மேற்றோல் அடித்தோலோடு ஒட்டி நிற்காத பிறவி நோயால் தன் மேற்றோலில் பெரும்பகுதியை இழந்து கிடந்தான். லாமினினின் ஒரு பகுதியை உண்டாக்கும் மரபணுவில் பழுது. டிஸ்பேஸ் கொண்டு நாம் ஆய்வகத்தில் வேண்டுமென்றே கழற்றும் அதே எல்லையில்தான் அவன் தோல் தானாகக் கழன்றுகொண்டிருந்தது. கவட்டில் கொப்புளம் இல்லாத இடத்திலிருந்து 4 சதுர சென்டிமீட்டர் தோலை எடுத்து, இத்தாலியின் மொடேனா நகரில் மிக்கேலே டி லூக்காவின் குழுவினர் அதன் கெரட்டினோசைட்டுகளைப் பிரித்து, பழுதான மரபணுவின் சரியான பிரதியைச் செலுத்தி வளர்த்தனர். வளர்ந்த தகடுகளின் மொத்தப் பரப்பு 0.85 சதுர மீட்டர். மூன்று அறுவைகளில் அவை அவன் உடலின் எண்பது விழுக்காட்டை மூடின. புதிய மேற்றோல் அடித்தோலைப் பற்றி நின்றது, உராய்ந்தால் கொப்புளம் எழவில்லை. அவன் பள்ளிக்குத் திரும்பினான்.